77 டாலர் 59 சென்ட்: மூடிப்போன ஒரு கணக்கும் அதற்குப் பின் கிடைத்த செகண்ட் சான்ஸ் கணக்கும்

2022 அக்டோபர் கடைசி வாரம். என் தங்கை ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தாள்.

“அண்ணா, இங்கேயும் அக்கவுண்ட் தர மாட்டாங்களாம்.”

“ஏன்னு சொன்னாங்களா?”

“சொல்லலை. என் சோஷியல் செக்யூரிட்டி அடையாள நம்பரைத் தட்டினாங்க, ஸ்கிரீனைப் பார்த்தாங்க, முகம் மாறிடுச்சு. லெட்டர் வரும்னு சொல்லிட்டு எழுந்துட்டாங்க. நான் என்னண்ணா தப்பு பண்ணேன்?”

அந்த வாரத்தில் அது மூன்றாவது வங்கி. கையில் நல்ல வேலை, அவளுக்குத் தெரிந்து எங்கும் கடன் பாக்கி இல்லை, கிரெடிட் கார்டில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இருந்தும் சம்பளம் வந்து விழ, அன்றாட வரவு செலவுக்கான ஒரு சாதாரண செக்கிங் கணக்கு கிடைக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, பாக்கியை அடைத்து, எல்லோருக்கும் கிடைக்கிற கணக்கு அவளுக்கும் கிடைக்கப் பதினாறு மாதம் ஆனது. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட வங்கிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. படிக்க வந்து, ஊர் திரும்பி, சில வருடம் கழித்து மறுபடி வேலைக்கு வருகிற நம் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இது முன்கூட்டியே கண்ணில் பட்டால் போதும்.

பழைய கணக்கு

2018 ஆகஸ்டில் அவள் டெக்சஸுக்கு முதுகலை படிக்க வந்தாள். வளாகத்துக்குப் பக்கத்தில் இருந்த கிளையில் மாணவர் கணக்கு தொடங்கினாள். மாதக் கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச இருப்பு கிடையாது. 2020 மே மாதம் படிப்பு முடிந்தது. கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று தகவல் வந்ததும் ஜூலையில் வந்தே பாரத் விமானத்தில் இடம் பிடித்து மதுரைக்குப் போய்விட்டாள். அறையைக் காலி செய்தாள், சாமான்களைத் தோழிகளுக்குக் கொடுத்தாள். வங்கிக் கணக்கில் 61 டாலர் 40 சென்ட் இருந்தது. அது அப்படியே கிடக்கட்டும், திரும்பி வந்தால் உதவும் என்று விட்டுவிட்டாள்.

அவள் அப்படி நினைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஊரில் நாம் பழகிய முறை அது. சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் போட்டு, அந்த அபராதத்தாலேயே கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் உத்தரவு போட்டது. 2015 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஊரில் கணக்கை மறந்து போட்டுவிட்டால் இருப்பு தேயலாம், கணக்கு செயலிழக்கலாம். மறந்துபோன கணக்கு கடனாக மாறி நம்மைத் தேடி வரும் என்று நமக்குத் தோன்றுவதேயில்லை. அமெரிக்காவில் அப்படி மாறும்.

பிற்பாடு பழைய ஸ்டேட்மென்ட்டுகளை எல்லாம் வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். அவள் மாணவி என்ற சலுகை செப்டம்பரோடு முடிந்திருக்கிறது. அக்டோபரிலிருந்து மாதம் 12 டாலர் பராமரிப்புக் கட்டணம். அக்டோபர் முடிவில் 49.40. நவம்பரில் 37.40. டிசம்பரில் 25.40. ஜனவரியில் 13.40. பிப்ரவரியில் 1.40. மார்ச் மாதக் கட்டணம் விழுந்ததும் மைனஸ் 10.60.

அதே மார்ச்சில் அவள் அடியோடு மறந்துபோன ஒரு சந்தா புதுப்பித்துக்கொண்டது. கல்லூரிக் காலப் புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருந்த சேமிப்பகத்துக்கு ஆண்டுக்கு 19.99. கணக்கில் பணம் இல்லாதபோதும் வங்கி அதைக் கட்டிவிட்டு, கட்டியதற்காக 35 டாலர் ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட்டது. மைனஸ் 65.59. ஏப்ரலில் இன்னொரு 12. மைனஸ் 77.59. மே மாதம் வங்கி கணக்கை மூடி, வராக்கடன் என்று எழுதிவிட்டது. கடிதங்கள் எல்லாம் டெக்சஸில் காலி செய்த அறைக்கே போயிருக்கின்றன.

கணக்கைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அவள் கண் கலங்கியது. ஏழு மாதத்தில் மொத்தம் 138.99 டாலர் கழிக்கப்பட்டிருக்கிறது. அதில் அவள் எதையாவது வாங்கியதற்கான பணம் 19.99 மட்டும்தான். மீதி 119 டாலரும் வங்கியின் கட்டணம். கட்டணமே இல்லாத கணக்காக இருந்திருந்தால் சந்தா போக 41.41 டாலர் மிச்சம் இருந்திருக்கும். அவளுக்குக் கெட்ட பெயர் வர வழியே இருந்திருக்காது.

ஒரு சந்தேகம் வரும். ஏ.டி.எம்.முக்கும் டெபிட் கார்டுக்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும் என்று 2010-லிருந்து விதி இருக்கிறதே, அவள் சம்மதிக்கவே இல்லையே என்று நானும் கேட்டேன். அந்த விதி கடையில் ஒரு முறை கார்டு தேய்ப்பதற்கும் ஏ.டி.எம்.முக்கும்தான். மாதா மாதமோ வருடா வருடமோ தானாக எடுக்கப்படும் சந்தா, செக், கணக்கிலிருந்து நேராகப் போகும் பணம் எதுவும் அதில் சேராது. கணக்கு தொடங்கும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கறுப்புப் பட்டியல் என்று மக்கள் சொல்வது

கிரெடிட் ஸ்கோர் பற்றி எல்லோருக்கும் தெரியும். வங்கிக் கணக்கை எப்படி வைத்திருந்தோம் என்பதற்குத் தனியாக ஒரு பதிவு இருப்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க வங்கிகளில் பெரும்பாலானவை புதுக் கணக்குக்கு முன் செக்ஸிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கின்றன. பெயரின் முதல் பாதி, நாம் எழுதிக் கொடுக்கும் ‘செக்’தான். எந்தக் கணக்கு மைனஸில் மூடப்பட்டது, எவ்வளவு பாக்கி, மோசடிச் சந்தேகம் உண்டா, யார் யார் விசாரித்தார்கள் என்று அங்கே பதிவாகிறது. பொதுவாக ஐந்து வருடம் அந்தப் பதிவு வரி இருக்கும். ஏர்லி வார்னிங் சர்வீசஸ் என்ற இன்னொரு நிறுவனமும் இதே போன்ற பதிவு வைத்திருக்கிறது. அது பெரிய வங்கிகள் சேர்ந்து நடத்துவது. செல் என்ற பணம் அனுப்பும் சேவையும் அவர்களுடையதுதான்.

கிரெடிட் ஸ்கோர் கணக்கில் இது சேராது. அதனால்தான் அவள் ஸ்கோர் நன்றாக இருந்தும் கணக்கு மறுக்கப்பட்டது. அந்த 77.59 டாலரை வசூல் ஏஜென்சிக்கு விற்றிருந்தால் கிரெடிட் அறிக்கையிலும் ஏறியிருக்கலாம். அவள் விஷயத்தில் அது நடக்கவில்லை.

இந்தப் பதிவில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பொய்ச் செக் போட்டுப் பணத்தைச் சுருட்டியவனும், ஊருக்குப் போனபோது 61 டாலரை விட்டுப்போனவளும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். காரணம் வேறாக எழுதியிருக்கும். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் வருவது பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்ற ஒரே பதில். அப்படிப் பதிவாகும் மைனஸ் எப்போதும் வாடிக்கையாளரின் செலவால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு நாளில் நடந்த வரவு செலவை நடந்த வரிசையில் கழிக்காமல், பெரிய தொகையை முதலில் கழிக்கும் வழக்கம் பல வங்கிகளில் இருந்தது. பெரியது முதலில் போனால் இருப்பு சீக்கிரம் தீரும். பின்னால் வரும் ஐந்து சின்னத் தொகைக்கும் ஐந்து அபராதம் விழும். 2010 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நீதிபதி வில்லியம் ஆல்சப் இதே விஷயத்தில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி வாடிக்கையாளர்களுக்கு 20.3 கோடி டாலர் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். இப்படி ஒரே நாளில் ஐந்து முறை மைனஸ் போனதாகக் காட்டும் கணக்கு, தள்ளி நின்று பார்ப்பவருக்குப் பணத்தைக் கையாளத் தெரியாதவருடைய கணக்காகத்தான் தெரியும்.

வங்கிக் கணக்கு இல்லாமல் மூன்று மாதம்

அவள் கம்பெனியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். சம்பளத்தை நேராகக் கணக்கில் போடும் டைரக்ட் டெபாசிட்டுக்கு, வங்கியைக் குறிக்கும் ரவுட்டிங் நம்பரும் கணக்கு எண்ணும் கேட்டார்கள். “என் கணக்குக்குப் போடச் சொல்லு, நான் அனுப்பிடறேன்” என்றேன். பெயர் பொருந்தாத கணக்குக்குப் போட மாட்டோம் என்று எச்.ஆர். சொல்லிவிட்டது. ஆக, பேப்பர் செக்.

முதல் செக் கையில் வந்தது, பிடித்தம் போக 2,140 டாலர். அதை மாற்ற வால்மார்ட்டின் மணி சென்டருக்குப் போனாள். ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட செக்குக்கு 8 டாலர் கட்டணம். தெருமுனைச் செக் கேஷிங் கடைகள் சதவீதக் கணக்கில் இதைவிட அதிகம் எடுக்கும், அதனால் வால்மார்ட்டே தேவலை. பிரச்சினை அப்புறம்தான். வெள்ளிக்கிழமை மாலை, கைப்பைக்குள் இரண்டாயிரம் டாலருக்கு மேல் ரொக்கத்தோடு பஸ்ஸில் அறைக்குத் திரும்ப வேண்டும். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இறங்கும் வரை என்னோடு போனில் பேசிக்கொண்டே வருவாள். என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. லைன் கட்டாகக் கூடாது என்பதுதான் இருவருக்கும் முக்கியம்.

வாடகை 1,180. லீசிங் ஆபீஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ஆன்லைனில் கட்ட வங்கிக் கணக்கு வேண்டும். மிச்சம் இருக்கும் வழி மணி ஆர்டர். தபால் அலுவலகத்தில் ஒரு மணி ஆர்டர் அதிகபட்சம் ஆயிரம் டாலருக்குத்தான். அதனால் ஆயிரத்துக்கு ஒன்று, நூற்றெண்பதுக்கு ஒன்று என்று இரண்டு எடுக்க வேண்டும். தபால் அலுவலகம் மூடுவதற்குள் போக ஆபீஸில் அரை மணி நேரம் பர்மிஷன். மின்கட்டணத்துக்குத் தனி வரிசை. வீட்டுக்குப் பணம் அனுப்பக் கவுண்டர் கட்டணம். மாதம் முப்பது நாற்பது டாலர் இப்படியே போனது. பணத்தைவிட அவளைத் தின்றது நேரமும் கூச்சமும்தான். புதிதாகச் சேர்ந்த இடத்தில், எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது தன் மேசைக்கு மட்டும் கவரில் செக் வருவது அவளுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

இப்படி வாழ்கிறவர்கள் அமெரிக்காவில் குறைவில்லை. எஃப்.டி.ஐ.சி. என்ற வைப்புக் காப்பீட்டு நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கெடுப்பில், 2023-ல் 4.2 சதவீதக் குடும்பங்களிடம், அதாவது சுமார் 56 லட்சம் குடும்பங்களிடம், வங்கிக் கணக்கே இல்லை. வெள்ளையர் குடும்பங்களில் 1.9 சதவீதம்; கறுப்பினக் குடும்பங்களில் 10.6; ஹிஸ்பானிக் குடும்பங்களில் 9.5. என் தங்கைக்கு மூன்று மாதம். அவர்களில் பலருக்கு இதுதான் வருடக்கணக்கில் வாழ்க்கை.

கடிதம் வந்தது

மூன்றாவது வங்கியின் கடிதம் ஒன்பதாம் நாள் வந்தது. பலர் இதைப் படித்ததும் மனம் நொந்து கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். செய்யவே கூடாது. மறுத்த வங்கி, எந்த நிறுவனத்தின் தகவலை வைத்து மறுத்தது என்று சொல்லியாக வேண்டும். அந்த நிறுவனத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் தர வேண்டும். 60 நாளுக்குள் கேட்டால் அறிக்கை இலவசம். தவறு இருந்தால் ஆட்சேபிக்க உரிமை உண்டு. எல்லாம் 1970-ல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தின் கீழ் வருவது. யாரும் மறுக்காவிட்டாலும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

அறிக்கையை வரவழைத்தோம். நான்கைந்து பக்கம் இருந்தாலும் விஷயம் ஒரே ஒரு கட்டத்துக்குள்தான்: பழைய வங்கியின் பெயர், மூடிய மாதம் 2021 மே, தொகை 77.59, நிலை ‘செலுத்தப்படவில்லை’. அதற்குக் கீழே அந்த ஒரு வாரத்தில் மூன்று வங்கிகள் விசாரித்த தேதிகள். ஒரு இடத்தில் மறுத்தால் உடனே அடுத்த வங்கிக்கு ஓடக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. காரணம் தெரியாமல் கதவு கதவாகத் தட்டினால், தட்டிய தடமும் பதிவில் ஏறுகிறது.

அடுத்து என்ன செய்வது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அவள் ஆட்சேபம் போடலாம் என்றாள். ஆட்சேபம் போட்டால் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். வங்கி நிரூபிக்காவிட்டால் அந்தப் பதிவு வரியை எடுத்துவிட வேண்டும். ஆனால் எதை ஆட்சேபிப்பது? தொகை சரி, தேதி சரி, பெயர் சரி. நியாயமில்லை என்பது வேறு, பிழை என்பது வேறு. பதிவை அழித்துத் தருகிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு, உண்மையான வரிக்கும் கண்மூடித்தனமாக ஆட்சேபம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். (அடையாளத் திருட்டாலோ வங்கியின் தவறாலோ வந்த வரியாக இருந்தால் கட்டாயம் ஆட்சேபிக்க வேண்டும். அங்கே தயங்கக் கூடாது.)

பழைய வங்கியின் வசூல் பிரிவுக்குப் போன் செய்து, 77.59 டாலரையும் என் கார்டில் கட்டினோம். கட்டும் முன்பே இரண்டு விஷயம் கேட்டோம்: பாக்கி இல்லை என்று கடிதம், செக்ஸிஸ்டம்ஸுக்குத் தகவல். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையாவது தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டதற்கு முடியாது என்றார்கள். பதிவு வரியையே நீக்கச் சொல்லிக் கேட்டோம், அதுவும் முடியாது. ஐந்து வாரத்தில் ‘செலுத்தப்படவில்லை’ என்பது ‘முழுதும் செலுத்தப்பட்டது’ என்று மாறியது.

அந்த மாற்றம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. பாக்கி அடைந்தாலும் அந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. சில வங்கிகள் அடைத்த பாக்கியை மன்னிக்கும், சில மன்னிக்காது.

செகண்ட் சான்ஸ் கணக்கு

இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு சாமான் விற்கிறார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஒன்று, பழைய மாதிரி. பதிவு கெட்டவர்களுக்கென்றே தனிக் கணக்கு. மாதக் கட்டணம் வழக்கமான கணக்கைவிட அதிகம், தள்ளுபடி கிடையாது. செக் புத்தகம் கிடையாது அல்லது தாமதமாக வரும். சில இடங்களில் பண மேலாண்மை வகுப்புக்குப் போக வேண்டும். ஒரு வருடம் ஒழுங்காக வைத்திருந்தால் சாதாரணக் கணக்குக்கு மாற்றுவார்கள். பணம் போதாமல் விழுந்தவரிடம் இன்னும் கூடுதலாகப் பணம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வழியே இல்லாத ஊரில் இருப்பவருக்கு இதுவும் உதவும் என்பதை மறுக்க மாட்டேன்.

இன்னொன்று, ஓவர்டிராஃப்ட் என்பதே இல்லாத எளிய கணக்கு. இருப்பு இருந்தால் பணம் போகும், இல்லாவிட்டால் கார்டு நிராகரிக்கப்படும், அபராதம் கிடையாது. இதன் பின்னால் இருக்கும் கதையைச் சொல்ல வேண்டும்.

2005-ல் சான் பிரான்சிஸ்கோ நகராட்சி, குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. செக்காகக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில், வாங்கியவர்களில் பலருக்கு அதைப் போட வங்கிக் கணக்கே இல்லை, செக் கேஷிங் கடையில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் மாற்றுகிறார்கள் என்று தெரிந்தது. ஏழைக்கென்று ஒதுக்கிய நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதி கடைக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது. நகரப் பொருளாளர் ஹோசே சிஸ்னெரோசும் அப்போதைய மேயர் கேவின் நியூசமும் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் உள்ளூர்க் கிளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வங்கிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். 2006-ல் ‘பேங்க் ஆன் சான் பிரான்சிஸ்கோ’ பிறந்தது. செக்ஸிஸ்டம்ஸில் பெயர் இருந்தாலும் கணக்குத் தருவது, மெக்சிகோ தூதரக அடையாள அட்டையை ஏற்பது போன்றவற்றுக்கு வங்கிகள் ஒப்புக்கொண்டன. ஒரு நகரத்தின் பொருளாளர் அழைத்துக் கேட்டபோது, அதுவரை முடியாது என்று சொன்ன அதே வங்கிகளால் முடிந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

அந்த மாதிரி மற்ற நகரங்களுக்கும் பரவியது. சிட்டீஸ் ஃபார் ஃபைனான்ஷியல் எம்பவர்மென்ட் ஃபண்ட் என்ற அமைப்பு 2015-ல் இதற்கு நாடு முழுவதற்குமான தர விதிகளை வகுத்தது. தொடங்க 25 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது. தள்ளுபடி இல்லாத மாதக் கட்டணம் 5 டாலரைத் தாண்டக் கூடாது. ஓவர்டிராஃப்ட் கட்டணம் அறவே கூடாது. உண்மையான மோசடி செய்தவரைத் தவிர வேறு யாரையும் பழைய பதிவைக் காட்டி மறுக்க வேண்டாம் என்றும் அது பரிந்துரைக்கிறது. இதற்கு உட்பட்ட கணக்குகளுக்கு ‘பேங்க் ஆன்’ சான்று கிடைக்கும். சேஸின் செக்யூர் பேங்கிங், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சேஃப்பேலன்ஸ், வெல்ஸ் ஃபார்கோவின் கிளியர் ஆக்சஸ் எல்லாம் இந்தச் சான்று பெற்றவைதான். மாதம் 5 டாலர் அளவில்தான் கட்டணம்.

அதே காலகட்டத்தில் நியூயார்க்கில் இன்னொரு வழி. அங்கே மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த எரிக் ஷ்னைடர்மன், பழைய சில்லறைப் பாக்கியைக் காட்டி மக்களை விரட்டுவதைக் கேள்வி கேட்டார். 2014-ல் கேப்பிடல் ஒன், 2015-ல் சிட்டிபேங்க், பிறகு சான்டாண்டர் என்று ஒவ்வொன்றாகத் தங்கள் சோதனை முறையை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டன. மோசடி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம், வெறும் மைனஸுக்காக மறுக்க மாட்டோம் என்பது அந்த ஒப்பந்தங்களின் சாரம்.

2016 பிப்ரவரியில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அப்போதைய தலைவர் ரிச்சர்ட் கார்ட்ரே நாட்டின் மிகப்பெரிய 25 வங்கிகளுக்குக் கடிதம் எழுதினார். ஓவர்டிராஃப்ட் இல்லாத கணக்கை வைத்திருங்கள், அது இருப்பதை மக்களுக்குத் தெரியும்படி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அதைப் படித்தபோது எனக்கு உடம்பே பதறியது. ஏனென்றால் என் தங்கையை மூன்றாவதாக மறுத்த அந்த வங்கியிடம் இதே மாதிரிக் கணக்கு இருந்தது. அவர்கள் இணையதளத்திலேயே இருந்தது. கேட்டது கிடைக்காது என்று சொல்லி எழுந்துபோனவர், உங்களுக்கு இந்தக் கணக்கு தர முடியும் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் மூன்று மாத அலைச்சல் இருந்திருக்காது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். வங்கி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

2023 ஜனவரியில் அவள் அதே கிளைக்குப் போனாள். இந்த முறை கணக்கின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். கையில் பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், பாக்கி இல்லை என்ற கடிதம், 25 டாலர். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. ரவுட்டிங் நம்பரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை.

வேறு என்னென்ன பார்த்தோம்

செக்ஸிஸ்டம்ஸ் பார்க்காத செயலிக் கணக்குகளையும் யோசித்தோம். சைம் போன்றவை அந்த வகை. உடனே கிடைக்கும், கட்டணமும் குறைவு. ஆனால் அவை வங்கியல்ல. பின்னால் ஒரு வங்கி இருக்கும், சிலவற்றில் நடுவே இன்னொரு நிறுவனமும் இருக்கும். அந்த நடு நிறுவனம் விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2024-ல் எல்லோரும் பார்த்தார்கள். சினாப்ஸ் என்ற இடைநிலை நிறுவனம் ஏப்ரலில் திவாலாக, மே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பணத்தைத் தொட முடியாமல் நின்றார்கள். சம்பளம் முழுவதும் போகிற ஒரே கணக்காக அப்படி ஒன்றை வைத்துக்கொள்ள நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ப்ரீபெய்டு கார்டு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி போன்ற கிரெடிட் யூனியன்கள் நல்ல வழி. அவற்றில் பல, ஆளைப் பார்த்துப் பேசி முடிவெடுக்கும். ஆனால் கொலம்பஸில் எங்கே போவது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

கடைசியில் உதவியதும் கிரெடிட் யூனியன்தான். எளிய கணக்கில் ஒரு வருடம் சம்பளம், வாடகை, மின்கட்டணம் எல்லாம் ஓடியது. ஒருமுறை கடையில் கார்டு நிராகரிக்கப்பட்டது. சேமிப்பிலிருந்து பணத்தை மாற்ற மறந்திருந்தாள். ஓவர்டிராஃப்ட்டுக்குச் சம்மதித்திருந்த கணக்காக இருந்தால் 35 டாலர் போயிருக்கலாம். இதில் ஒன்றுமில்லை. பால் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்ததோடு சரி. 2024 பிப்ரவரியில் அலுவலகத் தோழி ஒருவர் சொல்லிப் பக்கத்துக் கிரெடிட் யூனியனுக்குப் போனாள். அங்கிருந்த அம்மா அறிக்கையைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். பதினாறு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கடிதத்தைக் காட்டினாள். வழக்கமான செக்கிங் கணக்கு, சேமிப்புக் கணக்கு இரண்டும் அன்றே கிடைத்தன.

ஓவர்டிராஃப்ட் கட்டணமே இப்போது குறைந்துவருகிறது. அபராத வருமானமாக 2019-ல் வங்கிகள் எடுத்தது சுமார் 1,200 கோடி டாலர். 2023-ல் 580 கோடி அளவுக்கு இறங்கியது. கேப்பிடல் ஒன், சிட்டி இரண்டும் அதை அடியோடு எடுத்துவிட்டன. பெரிய வங்கிகளுக்கு 5 டாலர் உச்சவரம்பு வைத்து 2024 டிசம்பரில் வந்த விதியை அமெரிக்கக் காங்கிரஸ் 2025-ல் ரத்து செய்துவிட்டது. ஆகவே வங்கிக்கு வங்கி நிலைமை மாறும். கணக்கு தொடங்கும்போதே கேட்டுக்கொள்வதுதான் வழி.

ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் வலித்தது அதுதான். கணக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சந்தாக்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள், ஒரு மாதம் பொறுத்து எதுவும் வரவில்லை என்று பாருங்கள், மீதியை எடுங்கள், கிளையில் நேரில் போய் மூடச் சொல்லுங்கள். பூஜ்யம் இருப்பில் மூடப்பட்டது என்று கடிதம் கேட்டு வாங்குங்கள். கணக்கு வேண்டுமென்றே வைத்துக்கொள்வதானால் மாதக் கட்டணம் இல்லாத வகைக்கு மாற்றிவிட்டு, முகவரியை ஊர் முகவரியாக மாற்றுங்கள். காத்திருக்கும் அந்த மாதத்தைத் தவிர்த்தால், இரண்டில் எதைச் செய்யவும் ஒரு மதியம் போதும்.

கிரெடிட் யூனியன் கணக்கு வந்த அடுத்த மாதம் அவள் அந்த எளிய கணக்கை மூடப் போனாள். ஆன்லைனிலேயே மூடலாம் என்று சொன்னார்களாம். வேண்டாம், எழுத்தில் வேண்டும் என்று நின்று வாங்கி வந்தாள். டெக்சஸ் வங்கியின் பதிவு 2026 மே மாதம் வரை அறிக்கையில் இருக்கும். அதற்குப் பதிலாகக் காட்ட, பாக்கி இல்லை என்ற பழைய கடிதமும் பூஜ்யத்தில் மூடியதாகச் சொல்லும் புதிய கடிதமும் அவள் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பச்சை ஃபைலில், அமெரிக்காவுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 படிவத்துக்குப் பின்னால் இருக்கின்றன.